மெரினா மணலின் பற்று வரவு

சென்னையில் ஒரு வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால், முதல் நாள் சாயங்காலமே அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற இடம் மெரினாதான். இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. வந்தவர்களும் காமராஜர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே கடல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். இறங்கினால் எதிரே இருப்பது மணல். மணல், மணல், இன்னும் கொஞ்சம் மணல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால், பாதி வழியில் பாட்டி நின்றுவிடுவார்.

"இன்னும் எவ்ளோ தூரம்டா?"

"இதோ வந்துருச்சு பாட்டி."

பேரன் சொல்கிற அந்த 'இதோ'வுக்குள் நாலு பஜ்ஜிக் கடை, ஒரு பலூன் சுடுகிற கடை, கையால் சுற்றுகிற ராட்டினம், சினிமா நடிகர் கட்-அவுட்டுடன் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம், குதிரைக்காரர், கிளி ஜோசியர் எல்லோரும் வந்துவிடுவார்கள். கடல் மட்டும் வராது. கடைசியில் அலையில் காலை நனைத்தவுடன் எல்லாம் மறந்து போகும். திரும்பி நடக்கும்போதுதான் மறுபடியும் ஞாபகம் வரும் :)

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடற்கரை என்றால் மணல் இருக்கும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மெரினாவின் மணலுக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. சுமார் 150 வருடம்தான். 1870-களுக்கு முன்னால் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் மசூலா படகுகளில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் இப்போது பாட்டி மூச்சு வாங்குகிற இடமெல்லாம் கடல். அலை சாலைக்குப் பக்கத்திலேயே வந்து போய்க்கொண்டிருந்தது.

1875-ல் துறைமுக வேலை தொடங்கியது. 1881-ல் வந்த புயல் கட்டியதைச் சிதைத்துவிட்டுப் போனது. விடாமல் மறுபடியும் கட்டினார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு போன அந்தக் கற்சுவர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இந்தக் கரையோரம் ஓடுகிற நீரோட்டம் வருடத்தின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டே போகும். வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவரும். மொத்தக் கணக்கில் மணல் வடக்கே போவதுதான் அதிகம். சுவர் குறுக்கே வந்ததும் போகிற மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வருடா வருடம் தங்கித் தங்கி அகலமானதுதான் இன்றைய மெரினா. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை போட்டு, இத்தாலிய ஞாபகத்தில் 'மெரினா' என்று பெயரும் வைத்தார். பெயர் வைத்தவர் அவர். கரையை அகலமாக்கிய வேலை துறைமுகத்துடையது.

சரி, வடக்கே போகவேண்டிய மணல் வடக்கே போகாவிட்டால் என்ன ஆகும்?

அலை வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டுதான் போகும். எடுத்த இடத்தில் போட வேறு மணல் வராது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று எண்ணூர் வரைக்கும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது இப்படித்தான். அங்கே பல தெருக்களும் வீடுகளும் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் போயிருக்கின்றன. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் கடலோரம் கால் வைக்க மணல் தேடவேண்டும். மலைமாதிரி கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறார்கள். ஒரு வளைவுக்குத் தெற்கே கொஞ்சம் மணல் சேர்ந்தால், அதற்கு வடக்கே இன்னொரு இடம் அரிக்கப்படுகிறது. மெரினாவில் பெரிய அளவில் நடந்த கதையே அங்கே சின்னச் சின்னதாக மறுபடி நடக்கிறது.

பி.காம். படிக்கிற எல்லோருக்கும் முதல் செமஸ்டரில் ஒரு சூத்திரம் மனப்பாடம் ஆகியிருக்கும். பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை. பேப்பரில் எழுதும்போது ஒரு மார்க். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. அதே சூத்திரத்தை இந்த மணலுக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றது மெரினா. கொடுத்தது திருவொற்றியூர். அப்படியானால் திருவொற்றியூர் கணக்கில் வரவு இருப்பு நிற்கிறது. தனிநபர் கணக்கில் வரவு இருப்பு இருப்பவர் யார்? கடனீந்தோர். அதாவது தென்சென்னை சாயங்காலம் காற்று வாங்குகிற இந்த மணல் முழுவதும் வடசென்னையிடம் வாங்கிய கடன். 150 வருடமாக யாரும் பேரேட்டில் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

இது விளையாட்டுக்குச் சொல்வதாகத் தோன்றலாம். ஆனால் கடற்கரை என்றதும் இந்த நகரம் எப்படிக் கணக்கு எழுதுகிறது என்பதைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை. அழகு, காற்று, சுற்றுலா, நடைப்பயிற்சி, இதெல்லாம் வரும் பக்கத்தில் பளிச்சென்று எழுதப்படுகிறது. இதெல்லாம் யார் கொடுத்தது என்கிற பக்கம் காலியாகவே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடிகள் எல்லாம் கறுப்பாயின. மீனவர்கள் எண்ணெயைக் கையால் வழித்து எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்த எண்ணெய் மெரினாவுக்கு முன்னால் மிதந்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் சுத்தமாகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், இரண்டு கரைகளுக்கும் இருக்கும் மதிப்பு வித்தியாசம் புரிந்துவிடும்.

வடக்கை விடுங்கள். மெரினாவிலேயே இந்த ஒற்றைப் பக்கக் கணக்கு நடக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் போகக்கூடாது, விடியற்காலையில் போகவேண்டும். (ஹாஸ்டல் வாசிகளுக்கு இது முடியாத காரியம் என்பது தெரிந்ததே.)

காலை ஐந்தரைக்கு மெரினா நடப்பவர்களுடையது. பளபளக்கிற ஷூ, கையில் வாட்ச், காதில் இயர்போன். ஓய்வு பெற்ற அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக அரசியல் பேசிக்கொண்டு போவார்கள். அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ், முளைகட்டின பயறு, சர்க்கரை அளவு பார்க்கிற மேஜை எல்லாம் அந்நேரத்துக்கே தயார். நடக்கிறவர்கள் பெரும்பாலும் கடலுக்கு முதுகையும் காட்டுவதில்லை, முகத்தையும் காட்டுவதில்லை. பக்கவாட்டில் வைத்துக்கொண்டே போய்ப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டே திரும்பி வருவார்கள்.

அதே நேரத்தில் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே லூப் ரோட்டில் வேறொரு நாள் நடந்துகொண்டிருக்கும். இது நொச்சிக்குப்பம், டுமீங்குப்பம், முள்ளிக்குப்பம் வழியாகப் பட்டினப்பாக்கம் பக்கம் போகிற சாலை. இரவில் போன ஃபைபர் படகுகள் கரைக்கு வருகிற நேரம் அது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் ரொம்பக் குறைந்து போய் இந்த ஃபைபர் படகுதான் எங்கும். வலையிலிருந்து மீனைப் பிரித்து எடுப்பதே பெரிய வேலை. நாலைந்து பேர் உட்கார்ந்து, முள்ளில் கை கிழியாமல், வலையும் கிழியாமல் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பக்கத்தில் காக்காயும் நாயும் பொறுமையாகக் காத்திருக்கும்.

மீன் கரைக்கு வந்தபிறகு பொறுப்பு பெண்களுடையது. கரையில் வருவது போதாது என்றால் இருட்டோடு எழுந்து காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வருவார்கள். சங்கரா, நெத்திலி, கானாங்கத்தை, இறால், நண்டு என்று கூறு கட்டி வைப்பார்கள். கூறு என்பது அருமையான வியாபார முறை. தராசு கிடையாது. இந்தக் குவியல் இவ்வளவு ரூபாய், அவ்வளவுதான். பேரம் பேசுகிறவர் குறைக்கச் சொல்வார். விற்பவர் விலையைக் குறைக்கமாட்டார், மேலே இரண்டு மீனைச் சேர்த்துப் போடுவார். "இந்தா கண்ணு, எடுத்துனு போ." இரண்டு பேருக்கும் ஜெயித்த திருப்தி. மார்க்கெட்டிங் பாடத்தில் 'டிஸ்கவுன்ட்' என்று பத்துப் பக்கம் இருப்பதை இங்கே ஒரு கை அசைவில் முடித்துவிடுகிறார்கள். வாங்கின மீனை எதிரே இருக்கிற இன்னொரு அக்காவிடம் கொடுத்தால் அருவாமனையில் செதில் நீக்கி வெட்டிக் கொடுப்பார். அது தனித் தொழில், தனிக் காசு.

இந்த மொத்த வியாபாரத்துக்கும் முதலீடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்டல். சென்னைக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை, வெளியூர் நண்பர்களுக்காக: தினமும் வந்து வசூல் செய்கிற கடன். உதாரணத்துக்கு, பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். கேட்டவுடன் '15 சதவீதம்தானே' என்று தோன்றும். கிளாஸில் கேட்டால் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். தப்பு. முதலில், கையில் வந்தது 8,500-தான். இரண்டாவது, அந்த 8,500-ம் 100 நாள் முழுக்கக் கையில் இருப்பதில்லை, இரண்டாம் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. இன்டர்னல் ரேட் ஆஃப் ரிட்டர்ன் முறையில் போட்டால் ஒரு நாளைக்கு சுமார் 0.33 சதவீதம் வரும். வருடத்துக்கு சுமார் 120 சதவீதம். கிரெடிட் கார்டுக்காரன்கூட இவ்வளவு கேட்பதில்லை!

அப்புறம் ஏன் தண்டல் வாங்குகிறார்கள், பேங்க் இல்லையா என்று கேட்கலாம். 2020-ல் தெருவோர வியாபாரிகளுக்கென்று மத்திய அரசின் ஸ்வநிதி திட்டம் வந்தது. அப்போது ஜாமீன் இல்லாமல் முதலில் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் தண்டல்காரர் கடைக்கே வருகிறார், பேப்பர் கேட்பதில்லை, காலையில் கேட்டால் காலையிலேயே கொடுக்கிறார். மீன் ஏலம் விடியற்காலை நாலு மணிக்கு. பேங்க் திறப்பது பத்து மணிக்கு. இந்த ஆறு மணி நேர இடைவெளிக்குத்தான் அந்த 120 சதவீதம்.

விற்காத மீனுக்கு ஐஸ் வேண்டும். அதுவும் செலவுதான். ஐஸ் என்றதும் ஒரு கிளைக் கதை. இதே கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கம் விவேகானந்தர் இல்லம் என்று இப்போது இருக்கும் கட்டடம் 1840-களில் ஐஸ் வைக்கத்தான் கட்டப்பட்டது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய ஐஸைக் கப்பலில் ஏற்றி, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இங்கே விற்றார் டூடர் என்ற வியாபாரி. வெள்ளைக்காரத் துரைமார்களின் கோப்பைக்குள் போக! உள்ளூரிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்றும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ்ஹவுஸ் என்றுதான் பெயர். ஐஸின் வாடிக்கையாளர் மட்டும் மாறியிருக்கிறார். விஸ்கிக்குப் பதில் வஞ்சிரம்.

மறுபடியும் லூப் ரோடு. 2023 ஏப்ரலில் இந்தச் சாலையில் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற வந்தது. மீனவர்கள் படகுகளையும் மீனையும் சாலையில் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த வாரம் சென்னையில் டீக்கடையிலிருந்து இணையம் வரை எல்லா இடத்திலும் ஒரே விவாதம். "ரோடு வண்டி போகத்தானே?" என்று ஒரு கட்சி. "குப்பத்துக்குள்ள ரோடு போட்டது யாரு?" என்று இன்னொரு கட்சி.

முதல் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமுடியாது. சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டியவர்களுக்கு லூப் ரோடு ஒரு வரப்பிரசாதம். ஆபீஸுக்கு நேரமாகும்போது முன்னால் ஒரு கார்க்காரர் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறாலுக்குப் பேரம் பேசினால் யாருக்கும் கோபம் வரும். மீன் கழுவின தண்ணீர் ரோட்டில் ஓடினால் வழுக்கும். ஆனால் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ரோட்டை அடைத்தது யார்? பிளாட்பாரத்தில் மீன் வைத்திருந்த அக்காவா, இறங்கி நடக்கச் சோம்பல்பட்டுக் காரை நடுவில் நிறுத்தியவரா? அகற்றப்பட்டது கடை. கார் அல்ல.

இதில் சரித்திரமும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பலருக்குத் தெரியாத சரித்திரம். 1985-ல் மெரினாவை அழகுபடுத்தவேண்டும் என்று மணலில் இருந்த படகுகளையும் வலைகளையும் அகற்ற அப்போதைய அரசு முயன்றது. மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த டிசம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். காந்தி சிலை, உழைப்பாளர் சிலை என்று மெரினா முழுக்க ஞாபகச் சின்னங்கள் இருக்கின்றன. அழகுபடுத்தும் திட்டத்துக்காக அந்த மணலிலேயே செத்துப்போனவர்களைப் பற்றி நடைபாதையில் நடக்கிறவர்கள் பேசிக் கேட்பது அபூர்வம்.

சட்டத்தின் வரிசையும் கவனிக்கவேண்டிய விஷயம். 2011-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், எதற்காக இந்த அறிவிக்கை என்று சொல்லும் வரியில் முதலில் வருவது மீனவர் மற்றும் உள்ளூர் மக்களின் வாழ்வாதாரப் பாதுகாப்பு. கடலோரச் சூழல் பாதுகாப்பு அடுத்தது. 2019-ல் வந்த புதிய அறிவிக்கையில் சூழல் பாதுகாப்பு முதலிலும், வாழ்வாதாரம் 'அதோடு கூட' என்கிற இடத்திலும் வருகிறது. வார்த்தைகள் கிட்டத்தட்ட அதேதான். இடம்தான் மாறியிருக்கிறது. கம்பெனி திவாலானால் சொத்தை யார் யாருக்கு எந்த வரிசையில் பிரிப்பது என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு வரிசை என்றால் என்ன என்று தெரியும். முதலில் நிற்பவருக்குப் பணம் வரும். வரிசையில் பின்னால் போனவருக்கு மிச்சம் இருந்தால் வரும்.

கடைசியில் என்ன ஆனது? லூப் ரோட்டிலேயே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி ஒன்றைக் கட்டி 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். தலைக்கு மேல் கூரை வந்தது, தண்ணீர் வசதி வந்தது. வெயிலில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது நல்லதே. துரத்துவதற்குப் பதிலாக, இருக்கிற இடத்திலேயே இடம் செய்து கொடுத்தது பாராட்டவேண்டிய விஷயம். ஆனால் வேலையின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அகற்றினார்கள், பிறகு போராட்டம், பிறகு கட்டடம். முதலில் கட்டிவிட்டு "வாங்கம்மா, உள்ளே வந்து உக்காருங்க" என்று சொல்லியிருந்தால் அந்த ஏப்ரல் மாதமே தேவைப்பட்டிருக்காது. வருடா வருடம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. அப்போதும் கடலுக்குப் போகிறவை இந்தச் சின்னப் படகுகள்தான். சரியாக அந்த வியாபாரம் சூடு பிடிக்கிற சமயம் பார்த்துத்தான் கடைகளை எடுத்தார்கள்.

வாசல் பக்கமாக ஒரு நல்ல செலவையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் குறை மட்டும் சொல்கிற கட்டுரையாகிவிடும். 2022 நவம்பர் கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலின் மேல் மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியிலேயே அலைக்குப் பக்கம் வரை போகலாம். அதுவரை கடலைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் முதன்முறையாகக் கிட்டே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் முனையைப் பிய்த்துப் போட்டது. உடனே ஊரெல்லாம் கிண்டல், 'கோடி ரூபாய் கடலில்' என்று. கிண்டலடித்தவர்கள் எல்லோரும் இரண்டு காலால் நடந்து கடலுக்குப் போகிறவர்கள். பாதையைச் சரிசெய்து மறுபடியும் திறந்தார்கள். இன்றைக்குப் பாட்டிகள் மூச்சு வாங்காமல் போவதும் அதன் மேல்தான். ஒரு புயலுக்கு ஒரு முறை ரிப்பேர் செலவு என்றால் அதற்குத் தேய்மானம் என்று பெயர். ஒதுக்கி வைக்கவேண்டியதுதான்.

சாயங்காலத்துக்கு வரலாம். மெரினா சாயங்காலம் என்றால் சுண்டல். தேங்காய், மாங்காய், பட்டாணி. தகரத் தூக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் மேலும் கீழும் நடக்கிறவர் ஒரு மாலையில் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறார் என்று எந்த வாட்ச்சும் எண்ணுவதில்லை. காலையில் நடந்த அதிகாரி பத்தாயிரம் அடி முடித்துவிட்டு வீட்டில் பெருமையாகச் சொல்வார். சுண்டல்காரர் அதை எப்போதோ தாண்டியிருப்பார், சுமையோடு.

இப்போது தூக்கில் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. காதலர்கள் பத்து இருபது ரூபாய் சுண்டலுக்கும் போனை நீட்டுகிறார்கள். சில்லறைப் பிரச்சினை தீர்ந்தது உண்மை. ஆனால் காற்று அடிக்கிற இடத்தில், கூட்டத்தில் நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும். "போயிடுச்சுண்ணே" என்று காட்டிவிட்டு ஆள் எழுந்து போய்விடுவார். போனதா இல்லையா என்று ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். வராக்கடன் :(

சுண்டல் வியாபாரத்தின் பெரிய எதிரி மழைகூட இல்லை, மறுநாள். முந்தின நாள் ராத்திரியே பட்டாணியை ஊறவைத்து, காலையில் அவித்து, மதியம் தாளித்து எடுத்துக்கொண்டு வரவேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மிஞ்சினது நாளைக்கு ஆகாது. இறுதிச் சரக்கிருப்பை அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அதில் மதிப்பிடு என்று பாடம் சொல்கிறது. ஒன்பது மணிச் சுண்டலின் சந்தை விலை பூஜ்யம். அதனால்தான் எட்டரைக்கு மேல் அந்தக் குரல் மாறும். "சார் சார், கடைசி சார், அள்ளித் தரேன் சார்." அந்த நேரத்தில் பேரம் பேசி இன்னும் ரெண்டு ரூபாய் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களே மால்களுக்குப் போனால் ஒரு கப் சோளத்துக்கு அச்சடித்த விலையை வாய் திறக்காமல் கொடுப்பார்கள்.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இவர்களுக்கும் நகரத்தில் இடம் உண்டு என்கிறது. கணக்கெடுக்கவேண்டும், சான்றிதழ் தரவேண்டும், அதுவரை அகற்றக்கூடாது. ஆனால் கடற்கரையில் புதிதாக எந்தத் திட்டம் வந்தாலும் படத்தில் வருவது மூங்கில் குடை, சாய்வு நாற்காலி, குழந்தைகள் விளையாடும் இடம். வரைபடத்தில் சின்னச் சின்ன மனித உருவங்கள்கூட இருக்கும். எல்லா உருவமும் காற்று வாங்க வந்தவை. தோளில் தூக்கு மாட்டின உருவம் ஒன்றையாவது எந்த வரைபடத்திலாவது யாராவது பார்த்திருக்கிறார்களா? காணும் பொங்கலன்று லட்சக்கணக்கில் கூட்டம் வந்து, குழந்தைகள் தொலையாமல் இருக்கப் போலீஸ் கையில் பட்டை கட்டி, ராத்திரி எல்லோரும் போனபிறகு மலைமாதிரி கிடக்கும் குப்பையை விடியற்காலைக்குள் அள்ளுகிறார்களே, அந்தத் தூய்மைப் பணியாளர்களின் உருவமும் அதில் இருக்காது.

செய்யச் சொல்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கடற்கரையில் அடுத்து எந்தத் திட்டம் போட்டாலும், செலவு இவ்வளவு என்று எழுதுகிற அதே பக்கத்தில், இதனால் யாருக்கு எவ்வளவு போகிறது என்றும் எழுதட்டும். இத்தனை படகு நிற்கும் இடம் போகிறது, இத்தனை கடை போகிறது, வடக்கே இத்தனை மீட்டர் கரை போகும் என்று கணக்கு. எழுதி, தமிழில், நொச்சிக்குப்பத்திலும் திருவொற்றியூரிலும் ஒட்டட்டும். அதன்பிறகும் திட்டம் சரி என்று தோன்றினால் செய்யட்டும். தனியார் கம்பெனிகூட வருடத்துக்கு ஒரு தடவை இருப்புநிலைக் குறிப்பை வெளியிட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஊருக்குச் சொந்தமான கரைக்கு அது கிடையாதா?

அடுத்த முறை விருந்தாளிகள் வந்தால் முதல் நாள் மெரினாவுக்கே போகட்டும், அந்த வழக்கத்தை மாற்றமுடியாது. இரண்டாம் நாள் துறைமுகத்தைத் தாண்டித் திருவொற்றியூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறலாம். அங்கே கையால் சுற்றுகிற ராட்டினம் கிடையாது, கட்-அவுட் கிடையாது. தூண்டில் வளைவுக் கல்லின் மேல் நாலு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். பாட்டி இங்கே மூச்சு வாங்கவேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைத் தாண்டினால் எதிரே கருங்கல், கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் கடல்.